ரொட்டிக் காவலனும் பாவாயியின் சோளக்குழியும்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஓர் எச்சரிக்கை. சொற்களின் பிறப்பு வளர்ப்பை ஆராய்கிற அதிகாரியிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். குடிக்கிற அதிகாரி தேவலை, பொழுது சாய்ந்த பிறகுதான் குடிப்பார். கோபக்கார அதிகாரியும் தேவலை, சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். சொல்லாராய்ச்சிக்காரருக்குத் தூக்கமும் கிடையாது, பக்கத்தில் இருக்கிறவனைத் தூங்க விடுகிற வழக்கமும் கிடையாது. என்னிடம் கேட்டால், அவர் செய்கிற அநியாயம்கூட மிக அழகாக இருக்கும். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள். சேலம் ஜில்லாவில் ஒரு டிவிஷனுக்குச் சப் கலெக்டராக இருந்த ஆங்கிலேயரிடம் நான் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. துரைக்குத் தமிழ் தெரியும். பரீட்சை எழுதித் தேறியவர். ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பண்டிதர் ‘ஏனுங்க’வையும் ‘அப்புடீங்களா’வையும் பாடத்தில் வைக்க மறந்துவிட்டார். ராசிபுரத்தைத் தாண்டியதும் துரையின் தமிழ் மூச்சை நிறுத்திவிடும். அப்போது நான் வேண்டும். முகாமுக்குப் புறப்பட்டால் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் அலுவலகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்காருவேன். பின் இருக்கையிலிருந்து துரை சொற்பொழிவு ஆற்றுவார்.

அன்றைக்கு வெண்ணந்தூர்ப் பக்கம் போகிற வழியில் அவர் எடுத்துக்கொண்ட சொல் ‘லார்ட்’.

அந்தச் சொல்மேல் எனக்கு ஏற்கெனவே பழைய பகை உண்டு. பாதிரிமார் துண்டுப் பிரசுரத்தில் வந்தால் அது கடவுள். கோர்ட்டில் வந்தால் நீதிபதி. சென்னையிலிருந்து வந்தால் கவர்னர். நம் ஜனங்கள் ‘லாட்டு தொரை’ என்று கொஞ்சம் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கதைப் புத்தகத்தில் பெண்சாதி சொன்னால் புருஷன். முன்னால் ‘லேண்ட்’ என்று நிலத்தைச் சேர்த்தால் மாதம் பிறந்ததும் வாடகைக்கு வந்து நிற்கிறவன். ஒருவன் கால் தள்ளாடக் குடித்திருந்தாலும் லார்டைப் போலக் குடித்திருக்கிறான் என்பார்கள். ஒரே சட்டையைத் தைத்துக் கடவுளுக்கும் போட்டு, வாடகை கேட்கிறவனுக்கும் போட்டு, மிச்சத்தைக் குடிகாரனுக்கும் போட்டுவிட்ட ஜாதி அது. மொழிபெயர்க்கிறவன் ஒவ்வொரு தடவையும் சட்டைக்குள் யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

“ஆயிரம் வருஷத்துக்கு முன் அந்தச் சொல் எப்படி இருந்தது, தெரியுமா?” என்றார் துரை. “ஹ்லாஃப்வேர்ட். ரொட்டிக் காவலன். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் உரிய ரொட்டியைக் காப்பவன். லேடி என்றால் மாவு பிசைகிறவள். அவர்களை அண்டியிருந்த வேலையாளுக்கும் ஒரு பெயர் இருந்தது: ரொட்டி தின்கிறவன். எவ்வளவு அழகான குடும்பம், பார்த்தாயா! எல்லாரும் ஒரே ரொட்டியால் கட்டப்பட்டிருக்கிறார்கள்.”

“வெகு சுவாரசியம், சார்” என்றேன். அந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் மனதுக்குள் ஒரு கேள்வி குறுகுறுத்தது. கோதுமையை விதைத்து, அறுத்து, அடித்துக் கொண்டுவந்தவன் பெயர் ரொட்டி தின்கிறவனாம். உட்கார்ந்த இடத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு தின்றவன் பெயர் காவலனாம். யார் ஐயா இந்தப் பெயரை வைத்தது? வைத்தவன் நிச்சயமாகக் களத்தில் நின்றவன் இல்லை. இதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பின் இருக்கை வெயிலாகிவிடும் என்று பயந்து பெட்டியைத் தடவிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போன காரியம் இது. போர்க்காலத் தானியச் சட்டப்படி ஒரு விவசாயக் குடும்பம் தன் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சர்க்கார் டிப்போவுக்கு விற்றுவிட வேண்டும். வெண்ணந்தூரை அடுத்த ஓர் ஊரில் பாவாயி என்கிற அம்மாள் சோளத்தை மண்ணுக்குள் ஒளித்துவைத்திருப்பதாகப் பெயர் இல்லாத ஒரு மனு வந்திருந்தது. புருஷன் இறந்த பிறகு பண்ணையத்தைத் தனியாக நடத்துகிறவர். மண்ணுக்குள் என்று படித்ததும் எங்கள் அலுவலகம் பரபரத்துப்போயிற்று. புதையல்தான், திருட்டுதான், பதுக்கல்தான். இந்தச் சீமையில் பாதிப் பேர் சோளத்தைக் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, கொட்டி மூடித்தான் வைப்பார்கள், பூச்சி வராது என்பதற்காக. மேலே மாடு படுத்திருக்கும், பிள்ளைகள் விளையாடும், ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிந்த ஒளிவு அது.

விசாரணை பாவாயியின் களத்தில் நடந்தது. துரைக்கு மடக்கு நாற்காலி, எனக்கு மடக்காத கால்கள். ஊர் மணியக்காரர் கைகட்டி நின்றார். பண்ணையாட்கள் ஒரு பக்கமாகக் கூடியிருந்தார்கள்.

“உன் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேள்” என்றார் துரை. கேட்டேன்.

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எம்பட வயித்துல பொறந்தவங்களக் கேக்கறாருங்களா, எம்பட குழிச் சோளத்த நம்பி இருக்கறவங்களக் கேக்கறாருங்களா? வெவரமாக் கேட்டுச் சொல்லுங்க சாமி.”

“எவ்வளவு பேர் சாப்பிடுகிறார்கள் என்று...”

“உழுகறவங்க, மாடு மேய்க்கறவங்க, துணி வெளுக்கறவங்க, மயிர் செரைக்கறவங்க, கலப்பை செய்யற ஆசாரி, பானை குடுக்கறவங்க, சாவுக்கும் நோம்பிக்கும் தப்பு அடிக்கறவங்க... எல்லாருக்கும் அதுலதானுங்க. நான் ஒருத்தியா அத்தன சோளத்தத் திங்க முடியும்? என்ன பார்த்தா அப்புடியா இருக்குது?”

பண்ணையாட்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து சின்னான் என்கிற ஏர் ஓட்டுகிறவன் முன்னால் வந்தான்.

“பண்ணாடிச்சி குடுக்கறது தருமம்னு எழுதிப்போடாதீங்க சாமி. அது எங்க கூலிங்க. வருசக் கூலியில பாதியக் களத்துலயே அளந்துட்டாங்க. மிச்சம் ஆடி நோம்பிக்கு அளக்கறது. எங்க குடிசையில வெச்சா எலி பாதி, ஒழுகல் பாதி. அதுக்காவ இங்க குழியில கெடக்குது.”

“நீ நடுவால பேசாம இரு சின்னா” என்றார் பாவாயி.

“எம்பட கூலியப் பத்திப் பேசறாங்க. நான் பேசாம பின்ன ஆரு ஆத்தா பேசறது?”

தம்பிகளே, எனக்கு அந்த இடத்தில் பளிச்சென்று விளங்கிவிட்டது. காரில் கேட்ட பாடம் கண் முன்னால் நிற்கிறது! ஒரு வீடு, அந்த வீட்டின் தானியத்துக்குக் காவல் இருக்கிற ஒரு மனுஷி, அதில் உரிமை உள்ள ஆட்கள். சட்டத்தில் இருக்கிற ‘குடும்பம்’ என்கிற சொல்லுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? சும்மா மொழிபெயர்த்தால் போதாது, துரைக்குப் பிடித்த சட்டையிலேயே போட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் வந்தது. பயம் வந்ததும் குரல் ஆட்டுக்குட்டிக் குரலாகிவிட்டது. அந்தக் குரலில் சொன்னேன்: “சார், இந்த அம்மாள் சொல்வது, தான் ரொட்டிக் காவல் செய்கிறவள், இவர்கள் ரொட்டிக்கு உரியவர்கள், எல்லாரும் சேர்ந்ததுதான் வீடு என்று. காலையில் தாங்கள் விளக்கியபடி.” பிறகு சின்னான் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன், கூலி என்பதை இரண்டு தடவை.

துரையின் முகம் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அற்புதம்! ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்து, சேலம் ஜில்லாவில் உயிரோடு நிற்கிறது! இவள் பேசியது மிக அழகு என்று அவளிடம் சொல்.” எனக்குத் தலையில் கிரீடம் வைத்தது போல் இருந்தது. அடுத்த மூச்சில், அதே புன்னகையோடு, “உத்தரவை எழுது. குடும்பம் என்றால் ரத்த உறவு மட்டும்தான். அவர்கள் பங்கும் விதையும் போக முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டியது. காலையில் வண்டிகள் வரட்டும்” என்றார்.

கையில் பேனாவோடு நின்றேன். கோபக்காரன் ஒருவன் சோளத்தைப் பிடுங்கினால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. திட்டலாம், சாபம் கொடுக்கலாம். இவர் ரசித்துவிட்டுப் பிடுங்குகிறார்! தன் பாட்டன் முப்பாட்டன் வீட்டில் ரொட்டியைப் பகிர்ந்து தின்றதை நினைத்தால் இவருக்குக் கண் கலங்கும். நம் ஊரில் அதே காரியம் நடந்தால் பறிமுதல். ஒரு சொல்லின் வேரை அறிந்து வைத்திருப்பதால் என்ன புண்ணியம், அந்த வேரில் வெந்நீர் ஊற்றுகிறவனாக இருந்தால்? எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வீர வசனம் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். ‘சரி சார்’ என்று சொன்னேன்.

“தொரை என்னங்க சொன்னாரு?” என்றார் பாவாயி.

உத்தரவு இன்னும் எழுதப்படவில்லை. எழுதாததைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் சொல்லச் சொன்னதை மட்டும் சொன்னேன். “நீங்கள் பேசியது மிக அழகு என்று சொல்கிறார்.”

பாவாயி துரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அழகுன்னு சொன்னதுக்கு எதுக்குங்க உங்க மூஞ்சி பேயறைஞ்சாப்புல இருக்குது?”

நான் குனிந்து பேனாவைத் துடைக்கத் தொடங்கினேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. சின்னான் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவன் ஓட்டமாகப் போனான்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். இங்கிலீஷில் போட்ட உத்தரவு, இங்கிலீஷ் தெரியாதவரைக் கட்டுப்படுத்தாது. மொழிபெயர்ப்பாளன் நேரில் போய், அவர் பாஷையில் உரக்கப் படித்துக் காட்டி, படித்துக் காட்டினேன் என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் காகிதம். அதுவரைக்கும் பாவாயியின் சோளம் பாவாயியின் பொறுப்பு. ஊர்ச் சாவடிக்குப் போய் நான் உத்தரவை எழுதி முடித்தேன். துரை கையெழுத்துப் போட்டு, “உடனே போய்ப் படித்துவிடு” என்று என்னிடம் கொடுத்துவிட்டு, இரவு தங்க முசாபரி பங்களாவுக்குப் போனார். மணியக்காரர் முன்னால் நடந்தார். உத்தரவை மடியில் கட்டிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வெயில் தாழத் தொடங்கியிருந்தது.

நடக்க நடக்க என் வயிறு பேச ஆரம்பித்தது. உங்களிடம் மறைப்பானேன், பயந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நா உலரும். எனக்குப் பிரச்சினை வேறு இடத்தில். படித்தால் அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? படிக்காவிட்டால் துரை என்ன செய்வார்? இரண்டு கேள்வியும் சேர்ந்து குடலைப் பிடித்து முறுக்க, பாவாயியின் சோளக்காட்டுக்கு முன்னால் இருந்த கிளுவை வேலி கண்ணில் பட்டதும் அதன் பின்னால் பாய்ந்துவிட்டேன். மணியக்காரர் நான் பின்னால் வருவதாக நினைத்துப் போய்க்கொண்டே இருந்தார்.

வேலி இடுக்கு வழியாகக் களம் நன்றாகத் தெரிந்தது. குழியைத் திறந்து, உள்ளே இருந்த கெட்ட காற்று போக முன்னாலேயே விட்டிருந்தார்கள். ஓர் ஆள் உள்ளே இறங்கிக் கூடை கூடையாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். சாக்கும் முறமுமாக ஜனம் வரிசையில் நின்றது. ஆடியில் அளக்க வேண்டிய கூலியைப் பாவாயி வைகாசியிலேயே அளந்துகொண்டிருந்தார்.

“இதென்ன அக்கிரமம்! நிறுத்துங்க!” என்று மணியக்காரர் கத்தினார்.

“எந்த உத்தரவுல நிறுத்தச் சொல்றீங்க மாமா?” என்றார் பாவாயி, கை அளப்பதை விடாமல்.

“உத்தரவு... உத்தரவு அந்தக் குமாஸ்தா மடியில இருக்குது. எங்கய்யா அந்த ஆளு? பின்னாலதானே வந்தாரு?”

“அவரு மேக்கால போனாருங்க” என்று யாரோ சொல்ல, மணியக்காரர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார். கொஞ்ச நேரத்தில் சின்னான் வேலியோரமாக வந்து எட்டிப் பார்த்தான்.

“ஏனுங்க சாமி, அங்க என்ன பண்றீங்க?”

“பார்த்தால் தெரியவில்லையா?”

“தெரியுதுங்க. காயிதம் படிச்சாச்சுங்களா?”

“இன்னும் இல்லை.”

அவன் முகத்தில் அவ்வளவு அன்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “அப்ப நல்லா உக்காருங்க சாமி. அவசரமே இல்லீங்க. நான் போயித் தண்ணி கொண்டாரேன்.”

தண்ணீரும் கொண்டுவந்தான். இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றைத் திறமையாகக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்கிற ஆள் நான். அன்றைக்கும் பாதி நேரம் அது என் வயிற்றின் வேலைதான். மீதிப் பாதி என் வேலை. குடல் அமைதியான பிறகு நான் கால் கழுவினேன், வேட்டியைச் சரி செய்தேன், மறுபடியும் வேலிக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எழுந்தால் சின்னானின் சோளம் டிப்போவுக்குப் போகும். உட்கார்ந்தால் என் வேலை போகும். என்னைப் போன்ற கோழைக்கு எழுவதைவிட உட்காருவது சுலபம் என்பதால் நியாயத்தின் பக்கம் இருந்தேன். நெருக்கடியில் நல்லது செய்ய வீரனாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது சுபாவமாக வருகிறதோ, அதை நியாயம் இருக்கிற பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஓடுகிறவன் ஓடட்டும், உட்காருகிறவன் உட்காரட்டும்.

கடைசிச் சாக்கு போனதும் எழுந்து போனேன். திறந்த குழிக்கு முன்னால் நின்று, தலைப்பு முதல் துரையின் பதவி வரைக்கும் கணீரென்று படித்தேன். பாவாயி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

“நெம்ப நல்லாப் படிச்சீங்க சாமி. மோர் குடிங்க, வயித்துக்கு ஆகும்.”

மறுநாள் காலையில் துரை வண்டிகளோடு வந்தார். குழியில் பாவாயி வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் இருந்ததுதான் இருந்தது. உத்தரவுப்படி அதில் ஒரு மணியைத் தொட முடியாது.

“எப்போது படித்தாய்?” என்று என்னிடம் கேட்டார்.

“பொழுது சாய்ந்து, சார்.”

“உடனே என்று சொன்னேனே?”

“வயிறு, சார்.”

அவர் என் வயிற்றையே பார்த்தார். சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாத சாட்சி அது. “குடிசைகளில் போய் எடுக்க முடியுமா?” என்று மணியக்காரரைக் கேட்டார். மணியக்காரர் தலையைச் சொறிந்து, ஒவ்வொரு குடிசையிலும் இருப்பது அவர்கள் சாப்பாட்டு அளவுக்குள்தான் வரும், எடுப்பதானால் வீட்டுக்கு ஓர் உத்தரவு போட்டுக் குமாஸ்தா ஐயாதான் வாசல் வாசலாகப் படிக்க வேண்டும் என்றார். துரை மறுபடி என் வயிற்றைப் பார்த்தார். அந்த யோசனையை விட்டார்.

“சர்க்காருக்குச் சேர வேண்டியதைத் தானம் செய்ய இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? கேள்.”

கேட்டேன். பாவாயி சின்னான் நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். “தானமா? எம்படதா இருந்தாத்தானுங்க தானம் பண்ண? அது அவங்களுது. நேத்து வரைக்கும் எம்பட குழியில கெடந்துது, இப்ப அவங்க ஊட்டுல கெடக்குது. அம்புட்டுத்தானுங்க.”

இதை இங்கிலீஷில் சொல்லும்போது நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ரொட்டியை இழுக்கவில்லை, ஆயிரம் வருஷத்து இங்கிலாந்தை இழுக்கவில்லை. ஆட்டுக்குட்டிக் குரலும் வரவில்லை. அது அந்த அம்மாளின் வாக்கியம். அதில் என் கைவேலை எதற்கு?

துரை தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னைச் சேலத்தில் பழைய கட்டுகள் வைக்கிற ரிக்கார்டு அறைக்கு மாற்றியிருப்பதாகவும், அங்கே யாருக்கும் எதையும் படித்துக் காட்ட வேண்டியிருக்காது என்றும் அமைதியாகச் சொன்னார். கார்க் கதவு மூடிக்கொண்டது. டிரைவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே போயிற்று.

சோளம் ஏற்ற வந்த வண்டிகள் வெறுமையாகத் திரும்பின. கடைசி வண்டிக்காரரை நிறுத்தி, ராசிபுரம் வரைக்கும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். அவர் மாட்டைப் பிடித்து நிறுத்தி, வைக்கோலைச் சரிசெய்து, நான் ஏறி உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, கடைசியில தொரை பறிமுதல் பண்ணுனது உங்களத்தானுங்களா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப நல்லா நடுவால உக்காருங்க. பாரம் ஒரு பக்கமாச் சாஞ்சா மாட்டுக்கு ஆகாது.”